டிஜிட்டல் ஓவியம் வாங்குவதற்கு முன்: குன்னூர் பிரேம் கடையிலிருந்து

குன்னூர் மவுண்ட் ரோட்டை ஒட்டி எங்கள் பிரேம் கடை அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வரும் பழைய அச்சுப் படம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போடுகிறோம். கொஞ்ச காலமாக, கோவையில் ஐடி வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஊருக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வேறொன்று கேட்கிறார்கள். "அக்கா, நீங்க கிரிப்டோ ஆர்ட் வாங்குறீங்களாமே? நானும் வாங்கலாமா? காசு வருமா?" கல்லாவில் நின்றபடி அவர்களுக்குச் சொல்வதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டிஜிட்டல் படத்தை வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்: யார் செய்தது, படம் எங்கே இருக்கிறது, எனக்கு என்ன கிடைக்கிறது. விலை நான்காவது கேள்வி. பெரும்பாலானவர்கள் நான்காவதில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். போடுகிற பணம் திரும்பி வராமலே போகலாம். அப்படிப் போனாலும் வீட்டுச் செலவு நிற்காது என்கிற தொகையை மட்டும் இதில் போடுங்கள்.

உங்களுக்கு என்ன கிடைக்கிறது

கிரிப்டோ ஆர்ட் என்று விற்பது என்.எஃப்.டி. அது ஒரு பதிவு. பிளாக்செயின் (சுருக்கமாகச் சங்கிலி) என்கிற பொதுப் பேரேட்டில், இன்ன ஒப்பந்தத்தின், அதாவது டோக்கன் வெளியிடும் நிரலின், இன்ன எண் டோக்கன் இன்ன கணக்கு முகவரிக்குச் சொந்தம் என்று எழுதிய ஒரு வரி. படத்தை யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். "அப்புறம் எதுக்குக் காசு?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ஒரு கலைஞர் தானே வெளியிட்ட பதிப்புகளில் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்பதை, எந்த இடைத்தரகரையும் கேட்காமல், உலகத்தில் எவரும் சரிபார்க்கலாம். அந்த உறுதிக்கும், அந்தக் கலைஞருக்கு நேராகப் போய்ச் சேரும் ஆதரவுக்கும்தான் காசு.

பதிப்புரிமை உங்களுக்கு வராது. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். டோக்கன் கைமாறுவது அந்த ஒப்பந்தம் ஆகாது. வாங்கிய படத்தை டீ-ஷர்ட்டில் அடித்து விற்கவோ, உங்கள் ஹோம்ஸ்டேயின் விளம்பரத்தில் போடவோ கலைஞரின் அனுமதி தேவை. சிலர் விற்பனைப் பக்கத்திலேயே என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பதும் நல்லது. 2014 மே மாதம் கெவின் மெக்காய் என்ற நியூயார்க் கலைஞர் 'குவாண்டம்' என்ற அசையும் படத்தை நேம்காயின் சங்கிலியில் பதிந்தார். 2017 ஜூனில் லார்வா லாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட கிரிப்டோபங்க்ஸ் 10,000 முகங்கள். ஒவ்வொன்றும் 24-க்கு 24 புள்ளி. ஆரம்பத்தில் அவற்றை இலவசமாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது. 2018-இல் இஆர்சி-721 என்ற பொது விதிமுறை வந்தபிறகு யார் வேண்டுமானாலும் ஒரே முறையில் டோக்கன் வெளியிட வழி பிறந்தது. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற கலைஞரின் 5,000 நாள் படத்தொகுப்பு 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. அதை வாங்கிய விக்னேஷ் சுந்தரேசன் தமிழ்நாட்டுக்காரர். அவரும் கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரனும், இந்தியர்களும் கலைப் புரவலர் ஆக முடியும் என்று காட்ட விரும்பியதாகப் பிறகு எழுதினார்கள். எனக்கு அந்த விலையைவிட அந்த எண்ணம் பெரிதாகப் படுகிறது. கலை வாங்குவது துரைமார் பங்களா வேலை என்று நினைத்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

யார் செய்தது

எங்கள் கடைக்கு எப்போதாவது வரும் பொக்கிஷம், ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் வெளியிட்ட தாவரப் படங்கள். 1840-களில் சென்னையில் கல்லச்சில் அடித்து, கையால் நிறம் தீட்டியவை. நீலகிரிச் செடிகளுக்கென்றே 'ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்' என்று தனித் தொகுப்பு போட்டார். வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கம்பெனி காலத்தில் நம் ஊர் ஓவியர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே போனார்கள். வைட் இவர்கள் பெயரைப் படத்தோடு பதிந்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். படத்தின் ஓரத்தில் அந்தப் பெயர் இருப்பதால்தான் இன்று நாம் அவர்கள் கையை அடையாளம் சொல்கிறோம். டிஜிட்டல் படத்திலும் நான் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

விற்பனைத் தளத்தில் பெயர் பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரில் யாரும் கணக்குத் திறக்கலாம். கலைஞரின் சொந்த இணையதளத்துக்கோ, பல வருடமாக அவர் படம் போட்டுவரும் சமூக ஊடகப் பக்கத்துக்கோ போய், அங்கிருந்து விற்பனைப் பக்கத்துக்கு வாருங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். ஒப்பந்த முகவரி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்தினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அந்த எட்டும் ஒத்துப்போகிற மாதிரி போலி முகவரியைத் தயாரிக்க முடியும். அப்புறம் கலைஞருக்கு ஒரு வரி எழுதுங்கள். விலை குறைவான படைப்புகள் செய்பவர்கள் பெரும்பாலும் பதில் எழுதுவார்கள், சந்தோஷமாக எழுதுவார்கள்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தம்பி, தேயிலைச் சரிவுகளின் உயரக் கோடுகளை நிரலால் வரைகிறார். நான் எழுதிக் கேட்டபோது, எத்தனை பதிப்பு, கோப்பு எங்கே சேமித்திருக்கிறது, பிறகு இதே படத்தை வேறு சங்கிலியில் விற்பாரா என்று மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். அதன் பிறகுதான் வாங்கினேன்.

நம் மலையின் பெயரில் வருபவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தோடர்களின் பூத்துகுளித் தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினும் இலைச்சாறும் மண்ணும் கொண்டு தீட்டும் ஓவியம் அவர்கள் வழிபாட்டோடும் தேன் எடுப்போடும் ஒட்டியது. இந்தப் பாணியை ஏஐ கருவியில் அரை நிமிடத்தில் உருவாக்கி 'நீலகிரிப் பழங்குடிக் கலை' என்று டோக்கன் போடுவது தொழில்நுட்பத்தில் மிகச் சுலபம். செய்தவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரா, பணத்தில் எவ்வளவு அவர்களுக்குப் போகிறது என்று கேளுங்கள். நேரான விடை இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குக் கோத்தகிரியில் போய்க் குறும்பர் கையால் தீட்டிய அசல் தாளையே வாங்கலாம். அதற்கு நான் சட்டம் போட்டுத் தருகிறேன்.

படம் எங்கே இருக்கிறது

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பேரேட்டில் இருக்கும் வரி பெரும்பாலும் ஒரு முகவரியைக் காட்டும். அந்த முகவரியில் ஒரு சிறு விவரக் கோப்பு. அதற்குள் படத்தின் முகவரி. இரண்டு படி. எந்தப் படி உடைந்தாலும் உங்கள் கையில் வெறும் எண்தான் மிஞ்சும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் விழுந்தபோது, அதன் தளத்தில் வெளியான டோக்கன்கள் பலவற்றின் படம் காணாமல் போனது. முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரைக் காட்டியதுதான் காரணம். டோக்கன் பத்திரமாக இருந்தது, படம் இல்லை.

நேர்மாறான கதையும் உண்டு. டெசோஸ் சங்கிலியில் ஹிக் எட் நங்க் என்ற தளத்தைப் பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் லிமா 2021 மார்ச்சில் தொடங்கினார். ஏழைநாட்டுக் கலைஞர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே படம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் திடீரென்று தளத்தை மூடிவிட்டார். படங்கள் போகவில்லை. பதிவு டெசோஸில் இருந்தது, கோப்புகள் பலருடைய கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் என்ற முறையில் இருந்தன. அங்கே புழங்கியவர்களே சேர்ந்து தெய்யா என்ற பெயரில் தளத்தை மறுபடி எழுப்பினார்கள். நோன்ஒரிஜின் தளம் 2024-இல் மூடப்பட்டது, அசிங்க் ஆர்ட்டும் மூடிவிட்டது. நீங்கள் வாங்கும் தளமும் ஒருநாள் மூடப்படும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? எதீரியம் என்ற சங்கிலியில் என்றால் ஈதர்ஸ்கேன் தளத்தில் ஒப்பந்த முகவரியைப் போடுங்கள். 'ரீட் கான்ட்ராக்ட்' என்ற பகுதியில் 'டோக்கன் யூஆர்ஐ' என்று ஒரு வரி இருக்கும். அதில் உங்கள் டோக்கனின் எண்ணைக் கொடுத்தால் முகவரி வரும். டெசோஸுக்கு டிஸெட்கேடி என்ற தளத்தில் அதே விவரம் கிடைக்கும். வந்த முகவரி சாதாரண இணைய முகவரியாக, ஒரு நிறுவனத்தின் பெயரோடு இருந்தால் அது அந்த நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான். ஐபிஎஃப்எஸ் என்று தொடங்கினால் தேவலை. ஐபிஎஃப்எஸ் முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. ஒரு புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும். அதனால் அதே முகவரியில் வேறு படத்தை யாரும் வைக்க முடியாது. ஆனால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தன் கணினியில் வைத்துப் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பின் செய்வது என்பார்கள். யாரும் பின் செய்யாவிட்டால் முகவரி இருக்கும், கோப்பு வராது. ஆர்வீவ் என்ற சேமிப்பு முறையில் நீண்ட காலத்துக்கான கட்டணத்தை வெளியிடும்போதே ஒரே முறை கட்டிவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் உறுதியானது, படமே பேரேட்டுக்குள் இருப்பது. 2019-இல் வந்த ஆட்டோகிளிஃப்ஸ் 512-உம் அப்படித்தான்: படத்தை வரையும் நிரல் ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. கிரிப்டோபங்க்ஸின் படங்கள் ஆரம்பத்தில் வெளியே இருந்தன. 2021 ஆகஸ்டில்தான் சங்கிலிக்குள் ஏற்றினார்கள். எரிக் கால்டெரான் 2020 நவம்பரில் தொடங்கிய ஆர்ட் பிளாக்ஸில் கலைஞரின் நிரல் எதீரியத்தில் சேமிக்கப்படுகிறது. வாங்கும் நொடியில் உருவாகும் ஒரு சீரற்ற எண் அந்த நிரலை இயக்கி உங்களுக்கான படத்தைத் தருகிறது. டைலர் ஹாப்ஸின் 'ஃபிடென்சா' 999 படங்களும் இப்படிப் பிறந்தவை. நான் இந்த வகையை விரும்புவதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு: பெரும்பாலும் நிரலை மறுபடி ஓட்டி வேண்டிய அளவில் படத்தை எடுக்கலாம், பெரிதாக்கினால் சிதையாது.

எந்த வகையானாலும் வாங்கிய அன்றே படக்கோப்பையும் விவரக் கோப்பையும் இறக்கி இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஐபிஎஃப்எஸ் படம் என்றால் நீங்களே பின் செய்யலாம். அதற்கான சேவைகள் இருக்கின்றன, சிறிய கோப்புகளுக்குச் செலவு அதிகம் இல்லை. உங்களுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை, அதே பதிப்பை வைத்திருக்கும் அத்தனை பேருக்காகவும் செய்கிறீர்கள்.

சாவி

டோக்கனையும் நாணயத்தையும் கையாள உதவும் செயலிதான் வாலெட். அதைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். எதீரியத்துக்கு மெட்டாமாஸ்க், டெசோஸுக்கு டெம்பிள் அல்லது குகாய் என்று பல வாலெட்டுகள் உண்டு. பெரும்பாலானவற்றில் அந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரே பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. அந்தச் சொற்கள் வைத்திருப்பவர்தான் சொந்தக்காரர். போனில் படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளக் கூடாது, மின்னஞ்சலில் வைக்கக் கூடாது. தாளில் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மலையில் தாள் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அலமாரிக்குள் இருக்கும் தாளும் பூஞ்சை பிடிக்கும். ஜெல் பேனா மை ஈரத்தில் பரவிவிடும். லேமினேட் செய்தால் பத்திரம் என்று நினைப்பார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, பிளாஸ்டிக்குக்குள்ளேயே கறுப்புப் புள்ளி படர்ந்த சான்றிதழ்கள் என் மேஜைக்கு வருடம் தவறாமல் வருகின்றன. பென்சிலால் எழுதுங்கள், அல்லது நிறமி மைப் பேனா. தாள் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். ஓவியத் தாள் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கி மூடும் டப்பாவில் போட்டு, மழைக்காலத்துக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள்.

அதைவிட நல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு. ஹார்டுவேர் கடையில் எழுத்து பஞ்ச் செட் கிடைக்கும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்தை அடித்தாலே போதும். 24 சொல்லுக்கு 96 எழுத்துக்கு மேல் வராது, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். நீங்களே அடியுங்கள். பெயர்ப் பலகை செய்பவரிடம் கொடுத்தால் சாவியை அவரிடம் கொடுத்த மாதிரி.

இரண்டு பிரதி, இரண்டு இடம், அதில் ஒன்று மலைக்குக் கீழே. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து வீடு வீடாகப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். என்னுடைய இரண்டாவது தகடு கோவையில் தங்கை வீட்டில் இருக்கிறது.

மதிப்பு கூடிவிட்டால் லெட்ஜர், ட்ரெஸர் மாதிரி சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் தனிக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். தயாரித்த நிறுவனத்திடமே புதிதாக வாங்குங்கள், பழையது வேண்டாம். தினம் வாங்க, விற்க ஒரு வாலெட், சேகரிப்பு வைக்க வேறொரு வாலெட். அழைக்காமல் உங்கள் வாலெட்டில் வந்து விழும் இலவசப் படங்களைத் தொடவே தொடாதீர்கள். 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்று ஒரு அனுமதிக் கோரிக்கை வந்தால், அது அந்தத் தொகுப்பில் உள்ள உங்கள் அத்தனை டோக்கனையும் எடுத்துச் செல்ல அனுமதி. தெரிந்த விற்பனைத் தளத்தைத் தவிர வேறு யாருக்கும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம், வரி

படத்துக்குக் கிரிப்டோ நாணயத்தில்தான் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். அதை வாங்க, மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்த இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பான், ஆதார் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். தொடங்கும் முன்னால், வாங்கிய நாணயத்தை உங்கள் சொந்த வாலெட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். சில இடங்களில் வாங்கலாம், விற்கலாம், வெளியே எடுக்க முடியாது. படம் வாங்க அது உதவாது. முதலில் சிறு தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்சில் பணத்தை விட்டு வைக்காதீர்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் நடந்த ஊடுருவலில் போனது சுமார் 2,000 கோடி ரூபாய்.

எந்தச் சங்கிலி? தொடங்குபவர்களுக்கு நான் டெசோஸைச் சொல்கிறேன். பரிவர்த்தனைக் கட்டணம் மிகக் குறைவு, நல்ல கலைஞர்களின் சிறு பதிப்புகள் சில நூறு ரூபாய்க்கே ஆப்ஜெக்ட், எஃப்எக்ஸ்ஹேஷ் தளங்களில் கிடைக்கும். எதீரியத்தில் வரலாறும் விலையும் அதிகம். மின்சாரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றிய பிறகு அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. டெசோஸ் தொடக்கம் முதலே அந்தச் சிக்கன முறைதான்.

வரி விஷயத்தில் பிள்ளைகள் கோட்டை விடுவது ஒரே இடத்தில். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ, என்.எஃப்.டி லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. எதீரியத்தின் நாணயமான ஈத்தரைக் கொடுத்துப் படம் வாங்குகிறீர்கள் பாருங்கள், அந்த நிமிடமே நீங்கள் ஈத்தரை விற்றதாகக் கணக்கு. 20,000 ரூபாய்க்கு வாங்கிய ஈத்தர் 26,000 ஆன நாளில் அதைக் கொடுத்துப் படம் வாங்கினால், 6,000 ரூபாய் லாபத்துக்கு 1,872 ரூபாய் வரி. ஒரு ரூபாயும் கையில் வரவில்லை, வரி மட்டும் உண்டு. அதனால் படம் வாங்கப் போகும் நாளிலேயே நாணயத்தை வாங்குங்கள். இடையில் விலை ஏற நேரம் இருக்காது.

இந்தியாவில் வசிக்கும் ஒருவரிடம் நேராக வாங்கினால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும் பொறுப்பும் வரும். தொழில் வருமானம் இல்லாத, அல்லது சிறு அளவில் தொழில் செய்யும் தனிநபருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை அந்தப் பொறுப்பு இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வருமான வரிப் படிவத்தில் இதற்கென இருக்கும் பட்டியலில் காட்டுங்கள். உங்கள் ஆடிட்டருக்கு இது புதிதாக இருந்தாலும் நோட்டு சரியாக இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சொத்து என்றால் கணக்கும் வேண்டும்.

விலை

குன்னூரில் வாரா வாரம் தேயிலை ஏலம் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கேட்லாக்கில் ஏறிய லாட் எல்லாம் விற்பதில்லை. விற்பவர் எதிர்பார்க்கும் விலை ஒன்று, கேட்பவர் தரும் விலை ஒன்று; கேட்பு வராத லாட் திரும்பி குடோனுக்குப் போகும். டிஜிட்டல் படத்திலும் தளத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். இப்போது யாராவது உண்மையில் என்ன தருவதாகக் கேட்டு வைத்திருக்கிறார்கள், கடைசியாக எவ்வளவுக்கு, எப்போது கைமாறியது என்று பாருங்கள். ஃப்ளோர் விலை என்பது ஒரு தொகுப்பில் மிக மலிவாக விற்பனைக்கு வைத்திருக்கும் ஒன்றின் விலை. அந்த விலைக்கு உங்களுடையதை வாங்க ஆள் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரே இரண்டு மூன்று முகவரிகளுக்குள் ஒரு படம் மாறி மாறிப் போய் விலை ஏறியிருந்தால், ஒரே ஆள் தனக்குத்தானே விற்று விலையை ஏற்றியிருக்கலாம். பேரேடு திறந்தே இருப்பதால் இதை நீங்களே பார்த்துவிடலாம்.

ட்விட்டரின் முதல் பதிவு என்.எஃப்.டியாக 2021 மார்ச்சில் 29 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் 2022 ஏப்ரலில் ஏலத்துக்கு விட்டபோது வந்த உச்சக் கேட்பு 300 டாலரை எட்டவில்லை. 2023 செப்டம்பரில் டாப்கேம்பிள் என்ற தளம் 73,257 தொகுப்புகளை ஆராய்ந்து, 69,795 தொகுப்புகளின் சந்தை மதிப்பு சுழியம் என்றது. அதே ஆண்டு ஜூனில் டிமித்ரி செர்னியாக்கின் 'ரிங்கர்ஸ்' வரிசையில் ஒரு படம் சோதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. பாரிஸின் பாம்பிடு மையம் பிப்ரவரியில் 18 டிஜிட்டல் படைப்புகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. இரண்டும் ஒரே காலம். தொகுப்புகளில் பெரும்பான்மை செத்துவிட்டன, கலை வரலாற்றில் இடம் பிடித்த சில நிற்கின்றன.

எது நிற்கும் என்று யூகிக்க எனக்குத் தெரிந்த வழி, கலைஞரின் மொத்த வேலையையும் பார்ப்பது. வேரா மோல்னார் 1960-களிலேயே கணினியில் வரையத் தொடங்கியவர். 2023-இல், 99 வயதில், சோதபீஸ் மூலம் 500 படங்கள் கொண்ட நிரல் ஓவியத் தொடரை வெளியிட்டார். சந்தை எப்படி இருந்தாலும் அவருடைய கோடுகள் நிற்கும். உங்கள் பட்ஜெட்டில் அவர் வரமாட்டார், சரி. அவருடைய வேலையை ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தால், சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு இளைஞரின் கோட்டில் உயிர் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். என் சேகரிப்புக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்: நிரலால் வரைந்த கோட்டோவியங்கள் மட்டும். வரம்பு இருந்தால் பார்க்கும் எல்லாவற்றுக்கும் மனசு போகாது, பார்ப்பதை ஆழமாகப் பார்ப்பீர்கள்.

ஏலத்தில் கேட்கும்போது உச்ச விலையை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல தளங்களில் கடைசி நிமிடத்தில் கேட்பு வந்தால் ஏலம் சில நிமிடம் நீளும். அந்த நீட்டிப்பில்தான் கை பரபரக்கும். மறுவிற்பனையில் கலைஞருக்குப் போகும் பங்கைப் பெரிய தளங்கள் 2023 முதல் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. விருப்பம் இருக்கும் இடத்தில் கொடுங்கள். நல்ல கலைஞர் தொடர்ந்து வேலை செய்வதுதான் உங்கள் படத்துக்கும் பாதுகாப்பு.

சுவரில்

அச்சிட்டு மாட்டக் கலைஞரிடம் அனுமதி கேளுங்கள். சொந்த வீட்டுக்கு என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் கையெழுத்திட்ட அச்சே அனுப்புவார்கள். 3,000 புள்ளி அகலமுள்ள கோப்பு 10 அங்குலத்துக்குத் துல்லியமாக வரும். அதற்குமேல் பெரிதாக்க வேண்டுமானால் நிரலிலிருந்து புதிதாக எடுத்துத் தரும்படி கலைஞரையே கேளுங்கள். கட்டம் கட்டமான புள்ளி ஓவியங்களைப் பெரிதாக்கும்போது அச்சுக் கடைக்காரரிடம் விளிம்பு மழுங்காத முறையில் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் குழைந்துவிடும். பருத்தித் தாள், நிறமி மை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுன்ட் போர்டு. மலையில் தாள் கண்ணாடியில் ஒட்டினால் பிரித்தெடுக்க முடியாது. வெளிச்சுவரில் மாட்டினால் பின்பக்கம் சின்ன கார்க் துண்டுகள் ஒட்டி, காற்றுப் போக இடம் விடுங்கள்.

அசையும் படத்துக்குத் திரை வேண்டும். பழைய டேப்லெட் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் மாட்டாதீர்கள், இரவில் அணைத்துவிடுங்கள்; எப்போதும் சார்ஜில் இருக்கும் பேட்டரி உப்பிக்கொள்ளும்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, வாலெட்டுக்கு இல்லை. ஒரு உறையில் எந்தச் சங்கிலியில் எந்த முகவரி, ஒவ்வொரு படத்தையும் யார் செய்தது, எவ்வளவுக்கு வாங்கியது, கோப்பு எந்த டிஸ்கில் இருக்கிறது, தகடு எங்கே இருக்கிறது என்று தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். அந்த 24 சொற்களை மட்டும் அந்த உறையில் எழுதாதீர்கள். உயில் எழுதினால் இந்தச் சேகரிப்பையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த நபரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேறொரு போனில் காலி வாலெட் ஒன்றை அதன் சொற்களைக் கொண்டு திறந்து காட்டுங்கள். என் மகள் இப்போது நான் சொல்லாமலே திறந்துவிடுகிறாள்.